கவி இரவீந்திரர்: எழுதிய பாட்டும் எழுதிய படமும்

எழுதுதல் என்னுஞ் சொல் நம் தமிழில் இருதொழிற்கும் உரியது. ஏட்டில் எழுத்தைப் பொறிப்பதும் எழுதுதலே. சுவரிலும் கிழியிலும் உருவத்தைத் தீட்டுவதும் எழுதுதலே. பண்டை நூல்களைப் பயில்வோர், ஓவியம் எழுதினான் என வரும் வழக்கினை நன்கறிவர். பிற்காலத்தே நாம் அவ்விரண்டனையும் வேறு பிரித்து, ஒன்றைப் புலவர்க்கும் மற்றொன்றை ஓவியர்க்குமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். அங்ஙனம் பிரிந்த இரண்டனையும் தமது முதுமையில் ஒரே பேனாவினால் மீண்டும் ஒன்று சேர்த்த ஒருவரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன். அவர் வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர். அவருடைய கீதாஞ்சலியையும், 1913இல் அவர் பெற்ற நோபெல் பரிசினையும் அறியாத மாணவர் நம் கல்லூரியில் இரார். ஆதலின் அவற்றை விரைந்து கடந்து, பலர் கருதாது விடும் ஒரு பகுதியிலே சற்றுத் தங்குவேன். சிறு பாட்டும் படமும் அவர் கையில் எவ்வாறு இணைந்தன என்பதே அப்பகுதி.

யான் பிறந்த முசரவாக்கம் காஞ்சிமாநகர்க்கு அண்மையிலுள்ள சிற்றூர். பட்டும் கோயிலுமே எங்கள் பக்கத்தார்க்குப் பெரும் பேச்சு. இளமையில் காஞ்சியில் ஒரு நெசவாளர் இல்லத்துத் தறியருகே நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. சேலையின் உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு வேறொரு நிறம். உடலுக்குரிய ஊடையிழையை ஒரு நாடாவும், இருபுறக் கரைகளுக்குரிய இழைகளை வேறிரு நாடாக்களும் சுமந்து செல்லும். எல்லையை அடைந்ததும் ஓரிழை மற்றோரிழையைப் பற்றிக்கொண்டு திரும்பும். இதனைக் கோர்வை என்பர். இது தனியொருவரால் ஆவதன்று. பக்கத்தே மற்றொருவர் அமர்ந்து கரை நாடாவை எறிதல் வேண்டும். கரை, உடலின்மேல் ஒட்டப்பட்டதன்று; உடலும் கரைக்கு அடங்கியதன்று. பாட்டும் படமும் சேரவேண்டிய முறை இதுவே எனப் பின்னாளில் எனக்குத் தோன்றிற்று. பாட்டிலுள்ளதையே படமும் திருப்பிச் சொல்லுமாயின் படம் மிகை. படத்திற் கண்டதையே பாட்டும் விளக்குமாயின் பாட்டு மிகை.

அக்காஞ்சியிலே ஏழாம் நூற்றாண்டில் அரசுவீற்றிருந்த மகேந்திரவர்ம பல்லவன் மத்தவிலாசம் என்னும் நாடகத்தை வடமொழியில் இயற்றியவன். சித்திரகாரப்புலி என்னும் பட்டமும் பூண்டவன். பாட்டும் படமும் ஒருவன்பால் அமைந்தமைக்கு அவன் நம் நாட்டுச் சான்று. எனினும் அவன் தன் கையால் எழுதிய ஓவியம் இதுவெனச் சுட்டுதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. இரவீந்திரரோ இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை நமக்கு விட்டுச் சென்றார். அவற்றுள் பெரும்பாலன அவர் அறுபத்தைந்து வயதைக் கடந்த பின்னர் எழுதப்பெற்றவை என்பதே வியப்பு.

அவர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகையில், தேவேந்திரநாதருக்கும் சாரதா தேவியாருக்கும் பதினான்காம் மகவாகத் தோன்றினார். செல்வக் குடியாயினும் குழந்தைகள் வேலையாட்களின் ஆட்சியிலேயே வளர்ந்தனர். அவ்வேலையாட்களுள் சியாம் என்பவன், சிறுவனை ஓரிடத்தில் உட்கார வைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் கீறி, அதனைத் தாண்டினால் பெருங்கேடு வருமென அச்சுறுத்திவிட்டுத் தன் வழியே போய்விடுவானாம். இராமாயணக் கதை கேட்டிருந்த பிள்ளையாதலால், இலக்குவன் கோட்டைத் தாண்டிய சீதைக்கு வந்தது நினைவுக்கு வர, அவ்வட்டத்தினுள்ளேயே அடங்கியிருந்தது. வட்டத்தின் அருகே ஒரு சன்னல். சன்னலுக்குக் கீழே ஒரு குளம். குளக்கரையில் விழுதூன்றிய ஓர் ஆலமரம். நீராட வருவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய் முழுகி எழுவதைப் பகல் முழுதும் ஒரு படப்புத்தகத்தைப் புரட்டுவதுபோல் அச்சிறுவன் பார்த்திருந்தான். ஒரு கோடு தன்னைச் சிறைப்படுத்தியதையும், அச்சிறையிலிருந்தே உலகம் படமாய்த் தெரிந்ததையும் அவர் முதுமை வரையில் மறக்கவில்லை.

தாயார் 1875இல் இறந்தார். அன்னையை இழந்த பிள்ளையை அன்போடு தாங்கியவர் தமையன் ஜோதிரிந்திரநாதரின் துணைவியாராகிய காதம்பரி தேவியார். அவர் 1868இல், சிறுமியாகவே அவ்வில்லத்திற்கு மருமகளாய் வந்தவர். இரவீந்திரருக்கு ஏறக்குறைய இரண்டாண்டே மூத்தவர். சிறுவயதில் விளையாட்டுத் தோழி. பின்னர்க் கவிதையைக் கேட்கும் முதற் செவி. எளிதிற் பாராட்டாத திறனாய்வாளர். மாளிகையின் மேல்மாடத்தில் அவர் அமைத்திருந்த தோட்டத்தில், மாலை நேரங்களில் பாட்டும் வாசிப்பும் நிகழ்ந்தன. 1883 டிசம்பரில் இரவீந்திரருக்கு மணம் நிகழ்ந்தது. 1884 ஏப்ரலில் காதம்பரி தேவியார் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். காரணம் பற்றிப் பிறர் எழுதிக் குவித்தவை பல; அவற்றுள் நாம் புகவேண்டுவதில்லை. கவிஞர் தம் வாழ்நாள் முழுதும் அத்துயரைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்பது மட்டும் உறுதி.

அவர் இளமையிலேயே ஓவியம் பயில முயன்றதுண்டு, கை வரவில்லை. தம் ஐம்பதாம் அகவைக்கு முன்னரெல்லாம் பிறர் படத்தையே தம் பாட்டிற்குத் துணையாகக் கொண்டார். 1892இல் வெளிவந்த சித்ராங்கதா நாடகத்திற்கு, அப்போது இளைஞராயிருந்த அவர் உறவினர் அவனீந்திரநாதர் படம் எழுதினார். 1900இல் விஞ்ஞானி ஜகதீச சந்திர வசுவிற்கு வரைந்த ஒரு கடிதத்தில், தாம் படம் எழுதிப் பார்ப்பதாகவும், ஆனால் பென்சிலைக் காட்டிலும் அழிக்கும் ரப்பரே தமக்கு அதிகம் பயன்படுவதாகவும் நகையாடி எழுதினார். அந்நகையின் உட்பொருள் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே விளங்கிற்று. அழித்தலே அவருக்கு ஓவியத்தின் வாயிலாக அமைந்தது.

1902இல் மனைவியாரும், அடுத்த ஆண்டில் மகள் ரேணுகாவும், 1905இல் தந்தையும், 1907இல் இளைய மகன் சமீந்திரநாதனும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். இத்துயரங்களுக்குப் பின் 1912இல் ஜீவன்ஸ்மிருதி என்னும் தம் வரலாற்று நூலை அவர் வெளியிட்டார். நினைவு என்பது நிகழ்ந்தவற்றை அப்படியே பதிவு செய்யும் எழுத்தனன்று, தன் விருப்பப்படி சிலவற்றைப் பெரிதாக்கியும் சிலவற்றை மறைத்தும் படம் எழுதும் ஓவியன் என்னும் கருத்தோடு அந்நூல் தொடங்குகின்றது. அதற்குப் படம் எழுதியவர் அவனீந்திரரின் தமையனார் ககனேந்திரநாதர். கருமையும் வெண்மையுமான அச்சித்திரங்களில் மாளிகையின் இருண்ட தாழ்வாரங்களைக் காணலாம். அவை சொல்லாதுவிட்ட இடங்களை நாம் நிரப்பிக்கொள்ளுமாறு விட்டுவைத்திருத்தலே அவற்றின் சிறப்பு. அடுத்த ஆண்டில் இலண்டனில் வெளிவந்த இளம்பிறை என்னும் குழந்தைப் பாட்டு நூலில் நந்தலால் வசு முதலியோரின் வண்ணப் படங்கள் சேர்ந்தன. அவை அழகியவை, ஆயினும் பாட்டிற்கு அணியாகப் பூட்டியவையே.

சிறு பாட்டின் சுவையை அவர்க்குக் காட்டியது 1916ஆம் ஆண்டின் ஜப்பான் யாத்திரை. யோக்கஹாமாவில் பட்டு வாணிகத்தாற் பெருஞ்செல்வரான ஹாரா என்பாரின் தோட்ட மாளிகையில் தங்கி, டைக்கான், கன்சான் முதலிய ஓவியர்களின் படங்களைக் கண்டார். அந்நாட்டுக் கவிகள் மூன்றே வரியில் ஒரு கவிதையை முடித்துவிடுதல் அவரை மிகவும் கவர்ந்தது. பாஷோ என்னும் கவியின் இரண்டு பாட்டுக்களை வங்கத்தில் மொழிபெயர்த்துத் தம் யாத்திரை நூலில் சேர்த்தார். அப்பாட்டுக்கள் பாடுதற்குரியவையல்ல, பார்த்தற்குரியவை என்பது அவர் முடிவு. கேட்போன் உள்ளத்தில் மீதியை விட்டுவிட்டுக் கவிஞன் ஒதுங்கிக்கொள்ளும் அடக்கத்தை அவர் வியந்தார். வழிந்தோடும் நீண்ட பாட்டுக்களால் புகழ் பெற்றவர் இங்ஙனம் வியந்தது சிறிய செய்தியன்று. அவ்வாண்டிலேயே ஆங்கிலத்தில் வெளிவந்த ஸ்ட்ரே பேர்ட்ஸ் என்னும் குறும்பாத் தொகுதியை ஹாராவிற்கே உரிமையாக்கினார்.

சீனத்திலும் ஜப்பானிலும் அவரைக் கண்டோர் கையெழுத்து வேண்டினர். நம் ஊர்போல் வெறுந்தாளை நீட்டுவதில்லை. விசிறியையும், பட்டுத் துண்டையும், கைக்குட்டையையும் நீட்டினர். வெறும் பெயரைப் பொறிக்க மனமின்றி, அவர் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரிகளில் ஒரு சிறு பாட்டெழுதித் தந்தார். விசிறியின் அகலமே பாட்டின் அளவாயிற்று. பட்டில் மை ஊறிப் பரவுமாதலின் கோணலையும் தயக்கத்தையும் அங்கே மறைக்க இயலாது. எழுத்தின் வடிவமே பாட்டின் பாதியாக நின்றது. இவற்றை வழக்கம்போல் அச்செழுத்தில் கோத்துவிட்டால் உயிர் போய்விடுமென அவர் கண்டார். ஜெர்மனியில் கையெழுத்தை அவ்வாறே அச்சிடும் முறை உண்டென அறிந்து, 1926இல் ஐரோப்பாவில் இருந்தபோது, அலுமினியத் தகட்டில் அதற்குரிய மையினால் அவற்றைத் தம் கையாலேயே எழுதினார். ஹங்கேரியில் பாலட்டன்ஃபுயுரெட் என்னும் ஏரிக்கரை ஊரில் நோயாற்றியிருந்த நாட்களில் அதன் முன்னுரை எழுதப்பெற்றது. லேகன் எனப் பெயரிய அந்நூலில் வங்கமும் ஆங்கிலமும் அவருடைய கையெழுத்திலேயே காட்சியளிக்கின்றன. லேகன் என்றால் எழுதுதல்.

அந்நூல் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அதிலிருந்த சில பாட்டுக்கள் தம்முடையவையல்ல, பிரியம்வதா தேவி என்னும் பெண் கவிஞர் இயற்றியவை என்பது பின்னரே அவர்க்குத் தெரியவந்தது. தம் கையெழுத்திற் கண்டதனால் தம்முடையவை என மயங்கிவிட்டார். அதனை மறைக்காது பத்திரிகையிலே வெளியிட்டு ஒப்புக்கொண்டார். உலகப் புகழ் பெற்றோர் இவ்வாறு செய்தல் அரிது.

இனி, படம் பிறந்த கதைக்கு வருவோம். 1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பெரு நாட்டு விடுதலை விழாவிற்கென அவர் தென் அமெரிக்கா நோக்கிக் கப்பலேறினார். வழியில் உடல்நலம் குன்றவே, அர்ஜென்டினாவின் தலைநகராகிய போனஸ் அயர்ஸில் தங்க நேர்ந்தது. அங்கே விக்டோரியா ஒகாம்போ என்னும் இலக்கியச் செல்வியார், நகரை அடுத்த சான் இசித்ரோவில், பிளாட்டா நதியை நோக்கிய ஒரு மாளிகையில் அவரைத் தங்கச் செய்து பேணினார். அவர்க்கு அகவை முப்பத்து நான்கு; கவிஞர்க்கு அறுபத்து மூன்று. மொழி பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவரை விஜயா என அழைத்து, 1925இல் வெளிவந்த பூரபி என்னும் தொகுதியை அப்பெயர்க்கே உரிமையாக்கினார். பூரபி என்பது அந்திப்பொழுதில் பாடும் இராகம். வந்த காதலும் போன காலமும் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும் நூல் அது.

அப்பாட்டுக்களை எழுதிய குறிப்பேட்டைத் திறந்து பார்த்த ஒகாம்போ அம்மையார் திகைத்தார். கவிஞர் ஒரு சொல்லை அடித்தால், அவ்வடித்தலை அப்படியே விட்டுவிடுவதில்லை. தாளில் அநாதையாய்க் கிடக்கும் அக்கீற்றுக்கள் அவர் கண்ணை உறுத்தும். ஓர் அடித்தலினின்று மற்றோர் அடித்தலுக்குக் கோடு இழுத்து இணைப்பார். இணைக்க இணைக்க, அங்கே ஒரு பறவையின் அலகு தோன்றும். உலகில் எங்கும் காணாத ஒரு விலங்கின் முதுகு வளையும். சில வேளைகளில் ஒரு முகம் நம்மை நோக்கும். நின்ற வரிகள் பாட்டாயின; நீக்கிய வரிகள் படமாயின. பாட்டினுள் இடம்பெறத் தகாதவை எனத் தள்ளுண்ட சொற்களே அதே ஏட்டில் உருவங்கொண்டு பாட்டைச் சூழ்ந்து நின்றன. கோர்வையில் உடலிழையைக் கரையிழை பற்றுவதை இவ்விடத்தில் நினைக்கின்றேன்.

சில ஆண்டுகளில் பாட்டின்றியே படங்கள் பெருகின. முறையான பயிற்சி இல்லை. பேனா மை, வண்ண மை, கந்தைத் துணி, விரல் நுனி, சில வேளை மலர்ச்சாறு, எது கிட்டினும் கருவியாயிற்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவர் கண்ணிற்குக் குறை இருந்ததென ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவர் படங்களின் கருங்கபில நிறத்திற்கு அது காரணமாகலாம். 1930 மே மாதத்தில் பாரிஸ் நகரில், ஒகாம்போ அம்மையாரின் விரைந்த முயற்சியால், பிகால் கலைக்கூடத்தில் அவருடைய முதற் படக்காட்சி நிகழ்ந்தது. பின்னர் இங்கிலாந்து, ஜெர்மனி, டென்மார்க், ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் காட்டப்பெற்றது. நம் நாட்டார்க்குக் காட்ட அவர் சற்றுத் தயங்கினார். அத்தயக்கத்திற்குக் காரணமில்லாமலில்லை. அவனீந்திரர் மரபில் மென்மையான நீர்வண்ணப் படங்களைக் கண்டு பழகிய கண்களுக்கு, இக்கோரைப் பல் விலங்குகளும் இருண்ட முகங்களும் முதியோர் விளையாட்டாகத் தோன்றின.

அவ்விருண்ட முகங்களைப் பற்றி ஒரு சொல். நீண்ட முட்டை வடிவம், முக்காடு, பெரிய கண்கள், சிரிப்பில்லாத உதடு. இப்பெண் முகத்தை அவர் பன்முறை எழுதினார். காதம்பரி தேவியாரின் கண்களைத் தம்மால் மறக்க இயலவில்லை என அவர் நந்தலாலிடம் ஒருமுறை சொன்னதாகக் கூறுவர். அம்முகங்கள் யாவும் ஒருவருடையவையே எனச் சாதிக்க யான் துணியேன். எனினும், ஐம்பதாண்டு பாட்டெழுதியும் சொல்லில் அடங்காத ஒன்று அவர்பால் எஞ்சியிருந்தது என்பதை அப்படங்களைக் கண்டோர் எளிதில் மறுக்கார்.

அவர் தம் படங்களுக்குப் பெயரிட மறுத்துவிட்டார். பெயர் இட்டால் பார்ப்போன் பெயரையே பார்ப்பான் என்பது அவர் அச்சம். ஆயினும் பாட்டைச் சேர்க்கும் ஆசை அவரை விடவில்லை. 1933இல் வெளிவந்த விசித்ரிதா என்னும் நூல் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. வழக்கமாகப் பாட்டிற்குப் படம் எழுதுவர். இங்கோ படத்தைக் கண்டு பாட்டு எழுந்தது. ககனேந்திரர், நந்தலால் முதலியோரின் படங்களும் அவர் படங்கள் சிலவும் முன்னே நிற்க, அவற்றைப் பார்த்துக் கவிஞர் பாடினார். ஐம்பது வயது நிரம்பிய நந்தலாலுக்கு வாழ்த்தாக அந்நூலை உரிமையாக்கினார். 1937இல் ஒரே ஆண்டில், தாமே படம் எழுதிய காப்சாடா என்னும் வேடிக்கைப் பாட்டுக்களும், நந்தலால் படங்களுடன் சடார் சபி என்னும் நினைவுப் பாட்டுக்களும் வெளிவந்தன. பின்னதில் பழைய பத்மா நதியும், படகும், இளமையில் கண்ட ஊர்களும் திரும்பி வருகின்றன. நந்தலால் அவற்றை அப்படியே எழுதாது, ஒரு படகின் பாயையோ ஒரு கூரையின் சரிவையோ நாலைந்து கோடுகளில் நிறுத்திவிடுகின்றார். கரை நாடாவை எறிய அவரினும் சிறந்த துணை கவிஞர்க்கு வாய்த்ததில்லை என்பது என் கருத்து.

அவ்வாண்டு செப்டம்பரில் கவிஞர் திடீரென நினைவிழந்து கிடந்தார். நினைவு மீண்டதும் முதலிற் கேட்டது எழுதுகோலன்று, வண்ணமும் தூரிகையும். ஒரு பலகைமீது மரங்களும் மங்கிய ஒளியுமாக ஒரு காட்சியை எழுதிய பின்னரே சொல்லை நாடினார்.

1940இல் வெளிவந்த சித்திரலிபி என்னும் தொகுதியில், தம் படம் ஒவ்வொன்றிற்கும் வங்கத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று வரிகளைத் தாமே சேர்த்தார். பெயரிட மறுத்தவர் பாட்டுச் சேர்த்தது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். முரணே. உண்மை கூறின், அத்தொகுதியில் சில பாட்டுக்கள் படத்திற்கு வழிகாட்டிப் பலகைபோல் முன்வந்து நிற்கின்றன; அவற்றை மறைத்துக்கொண்டு பார்த்தாலே படம் பேசுகின்றது. வேறு சிலவற்றிலோ, படத்திலுள்ள பெண் எதனை நோக்குகின்றாள் என்பதைக் கூறாது, அவள் நோக்காத ஒன்றைப் பாட்டுத் தொடுகின்றது. அவ்விடங்களில் பட்டுக்கரை போலப் பொருந்திவிடுகின்றது. இவற்றை மாணவர் தாமே நூலகத்தில் எடுத்துப் பார்த்து முடிவு செய்தல் நன்று. வங்க ஓவிய மரபு நமக்கு அயலன்று. அவனீந்திரரின் மாணாக்கராகிய தேவிப்பிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் பல்லாண்டு சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்து தமிழ்நாட்டு ஓவியர் பலரைப் பயிற்றியவர்.

கவிஞரின் இறுதி நாட்களில் ஒரு நாற்காலி வருகின்றது. சான் இசித்ரோவில் அவர் சாய்ந்திருந்த நாற்காலியை, ஒகாம்போ அம்மையார் 1925 ஜனவரியில் அவர் திரும்பும்போது கப்பலில் உடன் அனுப்பினார். அறையின் கதவு குறுகலாயிருந்தமையால் கதவையே கழற்றி உள்ளே கொண்டுசென்றனர். அந்நாற்காலி கடல் கடந்து சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தது. 1941இல் நோயுற்றிருந்த கவிஞர் மீண்டும் அதில் சாய்ந்தார். மொழி தெரியாத ஒருவரின் அன்பை நினைத்து அதன்மேல் ஒரு சிறு பாட்டும் பாடினார். அவர் இறுதியில் பாடியவற்றின் தொகுதியாகிய சேஷ லேகாவில் அது இடம்பெற்றுள்ளது. லேகா என்பதற்கு எழுத்து எனவும் பொருள் கொள்ளலாம். கோடு எனவும் கொள்ளலாம்.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் அவர் மறைந்தார். விசிறிகளிலும் கையெழுத்து ஏடுகளிலும் அவர் அவ்வப்போது எழுதித் தந்த சிறு பாட்டுக்களை அன்பர்கள் தேடித் திரட்டி 1945இல் ஸ்புலிங்கம் என்னும் பெயரால் வெளியிட்டனர். அப்பெயர்க்குத் தீப்பொறி என்பது பொருள். அத்தொகுதியைப் புரட்டும்போதெல்லாம், அச்செழுத்திற்கு அப்பால் அப்பாட்டுக்கள் முதன்முதல் ஏறியமர்ந்த பட்டுத் துண்டுகளை நினைத்துக்கொள்வேன். அவை எவர் வீட்டுப் பேழையில் மடிந்து கிடக்கின்றனவோ!